பயமும் சந்தேகமும் பிடித்த நாட்களில் ஆண்டவரை நம்புவது எப்படி: முதல் தடவை சிக்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் தோட்டம். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். 2022 ஆகஸ்டில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து துண்டால் கழுத்தைத் துடைக்கும்போது, "இங்க ஒண்ணு தட்டுப்படுது, பாரு" என்றார். இடது பக்கம், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததைத்தான் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டியில் இருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வர பதினொரு நாள்.

அந்தப் பதினொரு நாளும் என்னால் ஜெபிக்க முடியவில்லை. சபையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள், ஆனாலும் முழங்கால் போட்டால் வாய் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "விசுவாசமாயிரு" என்றார்கள். அதை எப்படிச் செய்வது, காலையில் எழுந்ததும் எதில் தொடங்குவது, எதைச் செய்யக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பயம் நோயாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், கடலுக்குப் போன ஆள் இன்னும் கரை திரும்பாததாக இருக்கலாம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் "ஆண்டவரிடம் வந்த பிறகும் ஏன் இப்படி" என்று வீட்டில் இருப்பவர்களே கேட்பார்கள்.

1. முதல் நாள்: பயத்தை ஆண்டவரிடமே சொல்லுங்கள்

முதல் நாளே நான் செய்த தப்பு, பயமே இல்லாதவள் போல ஜெபிக்கப் பார்த்தது. "ஆண்டவரே, நீர் சுகம் தந்துவிட்டீர், ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்கிறது, வயிறு கலங்குகிறது. மூன்றாம் நாள் அந்த வார்த்தையும் வரவில்லை.

நாலாம் நாள் சங்கீதம் 13ஐத் திறந்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது தொடங்குகிறது. வேதத்துக்குள்ளேயே இப்படிப் பேச இடம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. யோபுவும் அப்படித்தான். பல அதிகாரங்களுக்கு அவர் ஆண்டவரிடம் முறையிடுகிறார், கேள்வி கேட்கிறார், பிறந்த நாளையே சபிக்கிறார். அவருடைய நண்பர்கள் பக்தியாக, ஒழுங்காகப் பேசுகிறார்கள். கடைசியில் 42:7ல் ஆண்டவர் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினது போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அந்தப் பாராட்டு பக்தியாகப் பேசியவர்களுக்கு அல்ல, முறையிட்டவருக்கு. இந்த ஒரு வசனத்தை நான் பத்துத் தடவை வாசித்திருப்பேன்.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பேச்சில், வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே, எதற்குப் பயம் என்று சொல்லுங்கள். நான் சொன்னது: "ஆண்டவரே, இவர் செத்துப்போவாரோன்னு பயமா இருக்கு. பிள்ளைங்க ரெண்டும் சின்னது. நீர் கேக்கீரா இல்லையான்னே எனக்குத் தெரியல." ஆமென் கூடப் போடவில்லை. ஐந்து நிமிடம் போதும். ஆனால் தினமும் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆண்டவரைப் பற்றி ஊரெல்லாம் புலம்புவது வேறு, ஆண்டவரிடமே புலம்புவது வேறு. முதலாவது என்னை இன்னும் இருட்டுக்குள் தள்ளியது. இரண்டாவதில் அழுது முடித்த பிறகு எழுந்து சோறு வைக்க முடிந்தது.

2. இரண்டாம் நாள்: ஒரு ஃபைல், ஒரு நோட்டு

ஆவிக்குரிய விஷயத்தில் ஃபைல் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு காகிதம் காணாமல் போய் ஓ.பி. வரிசையில் நின்று பைக்குள் துழாவும்போது வருகிற படபடப்பில் ஜெபம் எங்கே வரும்?

ஃபைலில் வைக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை நகல்கள் நாலைந்து, பாஸ்போர்ட் அளவு போட்டோ, முதல் ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படமும் அதன் ரிப்போர்ட்டும், சதைப் பரிசோதனைக்குக் கொடுத்த எண், தேதிவாரியாக எல்லா ரசீதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சான்று கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் ரிப்போர்ட் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் சந்தேகம் என்றாலே திருவனந்தபுரத்தில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி.க்குப் போகச் சொல்வார்கள். அங்கே ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, சதைப் பரிசோதனையின் சிலைடும் பிளாக்கும் கேட்பார்கள். முதலில் பரிசோதனை செய்த இடத்தில் எழுதிக் கொடுத்துத்தான் அதை வாங்க முடியும். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினோம், நாலு நாள் வீண்.

இனி நோட்டு. பிள்ளைகளின் நாற்பது ரூபாய் நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். மேலே தேதி. அதன் கீழே மூன்று வரி: இன்றைக்கு எதற்குப் பயந்தேன், ஆண்டவரிடம் என்ன கேட்டேன், இன்றைக்கு என்ன கிடைத்தது. மூன்றாவது வரியில் பெரிய அற்புதம் எதையும் தேட வேண்டாம். என் நோட்டில் இருக்கிறது: "ஆகஸ்டு 23. மேல்வீட்டு அக்கா மரச்சீனியும் மீன் கறியும் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்." அடுத்த நாள்: "மழை இல்லை. அவருக்குப் பதிலாக அவர் தம்பி பால் வெட்டினான்." எழுதும்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. பிற்பாடு பயம் முற்றிய ஒரு ராத்திரி அந்த நோட்டைப் புரட்டியபோது, ஒரு நாளும் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. யாராவது வந்து அதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

3. எதை வாசிப்பது, எப்போது வாசிப்பது

பயத்தில் இருக்கும்போது "வருடத்தில் வேதம் முழுவதும்" அட்டவணையை எடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு சங்கீதம், சத்தமாக, பத்து நிமிடம். நான் வாசித்த வரிசை: 13, 42, 56, 77, 88, 27, 23. கத்தோலிக்க வேதாகமத்தில் சங்கீதங்களைத் திருப்பாடல்கள் என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். 88ஐத் தவிர்க்காதீர்கள். இந்த வரிசையில் மற்றவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், 88 திரும்பாது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாக வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது, ஒன்றும் சரியாகாத நாளில் கைகொடுக்கும்.

மனப்பாடம் செய்ய ஒரே ஒரு வசனம் சொல்கிறேன், சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று அதில் இல்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வரியில் இருக்கிறது. ஸ்கேன் அறைக்கு வெளியே இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நேரம்: எனக்கு நாலு மணி. அவர் பால் வெட்டக் கிளம்புகிற நேரம் அது, உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். அவர் வேலைக்குப் போக முடியாத அந்த நாட்களில் வீடு அமைதியாகக் கிடக்கும், வாசலில் அவர் லைட் ஆணியில் தொங்கும், அதைப் பார்த்தாலே அழுகை வரும். அந்த நேரத்தைப் படுக்கையில் யோசனையோடு விடாமல் எழுந்து உட்கார்ந்து வாசித்தேன். உங்களுக்கு எந்த நேரத்தில் பயம் அதிகமோ அந்த நேரத்தையே வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை ஆண்டவரின் பதில் என்று எடுப்பது. நானும் செய்தேன். ஒரு நாள் நல்ல வசனம் வந்தது, மறுநாள் சாபம் வந்தது, அன்றைக்கு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு, காலண்டர் வாக்குத்தத்தத்தை மட்டும் பிடித்துத் தொங்குவது. எரேமியா 29:11ஐ எல்லோரும் அனுப்புவார்கள். அதற்கு முந்தைய வசனத்தையும் வாசியுங்கள், எழுபது வருடம் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதனால் அந்த வாக்கு சின்னதாகிவிடவில்லை, ஆனால் அடுத்த வாரமே நடக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. "பயப்படாதே என்று வேதத்தில் 365 முறை இருக்கிறது" என்ற செய்தியும் வரும். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. ஏசாயா 41:10 ஒன்று போதும், அதில் பயப்படாதே என்பதோடு ஏன் என்றும் இருக்கிறது: "நான் உன்னுடனே இருக்கிறேன்."

4. இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், ஊரைக் கூப்பிடாதீர்கள்

சிலுவைக்கு முந்தைய ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தனியாக இருக்க விரும்பவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என் ஆத்துமா துக்கத்தில் இருக்கிறது, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவரே கேட்டார் என்றால் நமக்குக் கேட்க என்ன கூச்சம்?

ஆனால் யாரைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் எல்லாரிடமும் சொன்னோம், வீட்டில் கூட்டம். ஒருவர் தன் சித்தப்பா இதே மாதிரிக் கட்டியில் போன கதையைச் சொன்னார். இன்னொருவர், "வீட்டில ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கா" என்று கேட்டார், அதுவும் என் வீட்டுக்காரர் காதில் விழும்படி. அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, பழைய காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி "இதுக்காகவா இருக்கும்?" என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரும். யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னார்.

சரி, யாரைக் கூப்பிடுவது? தானும் அடிபட்டவராக இருக்க வேண்டும், பேச்சைக் குறைப்பவராக இருக்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார்கள், கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர்கள். அவர்களிடம் போய், எனக்கு ஜெபிக்க வரவில்லை என்று சொன்னேன். "நீ ஜெபிக்காண்டாம் மக்களே, நான் ஜெபிக்கேன். நீ இந்தக் கஞ்சியக் குடி" என்று சிறுபயற்றுக் கஞ்சியை என் முன்னால் வைத்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஜெபித்தார்கள். மற்றொருவர் என் வீட்டுக்காரருடைய நண்பர், எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர். இந்த இரண்டு பேருக்கு மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னோம். மற்றவர்களுக்கு, "டெஸ்ட் போய்க்கிட்டிருக்கு, ஜெபத்தில நினைச்சுக்குங்க", அவ்வளவுதான்.

கத்தோலிக்கச் சபை என்றால் அன்பியக் குழுவில், எங்களைப் போல சி.எஸ்.ஐ. என்றால் ஜெபக்குழுவில் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். முன்வரிசையில் தேடாதீர்கள்.

5. செலவு

ஜெபத்துக்குக் கட்டணம் கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

ஒருவர் எங்கள் பயத்தைக் கேள்விப்பட்டுத் தானாக வந்தார். ஜெபித்தார், தீர்க்கதரிசனம் சொன்னார், "5,000 ரூபாய் விதையா விதையுங்க, ரிப்போர்ட் மாறும்" என்றார். ஸ்கேனுக்கு என்று வைத்திருந்த பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ரிப்போர்ட் மாறவில்லை. திரும்பக் கேட்டபோது, விதைக்கும்போது உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொன்னார். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் வாட்டியது, பல வாரம் என்னாலேதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தேயு 10:8, "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." அப்போஸ்தலர் 8இல் பணம் கொடுத்து ஆண்டவருடைய வரத்தை வாங்க வந்த சீமோனைப் பேதுரு எப்படித் திட்டினார் என்றும் பாருங்கள். யாக்கோபு 5:14இன்படி சபை மூப்பரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லலாம், எங்கள் போதகர் ஐயா வந்து செய்தார். ஒரு காப்பியைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை.

பொருத்தனை பற்றி: பயத்தில் வாய்க்கு வந்ததை நேர்ந்துகொள்ளாதீர்கள். சுகமானால் அதைத் தருவேன், இதைச் செய்வேன் என்று ராத்திரியில் சொல்லிவிட்டுப் பிறகு கடன் வாங்கிக் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். பொருத்தனை பண்ணாதிருந்தால் உன்மேல் பாவம் இல்லை என்று உபாகமம் 23:22இல் தெளிவாகவே இருக்கிறது. நன்றிக் காணிக்கை வேண்டுமென்றால் பிறகு, கையில் இருப்பதில், சந்தோஷமாகக் கொடுக்கலாம்.

6. மருந்தை நிறுத்தாதீர்கள்

"ஆண்டவரை நம்புகிறாயா, டாக்டரை நம்புகிறாயா?" என்று கேட்பவர்கள் உண்டு. எசேக்கியா ராஜா சாகக் கிடந்து அழுது ஜெபித்தார், ஆண்டவர் இன்னும் பதினைந்து வருடம் தருகிறேன் என்றார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஏசாயா 38:21. ஜெபத்தின் பதிலும் மருந்தும் ஒரே வீட்டில் இருந்தன. கீமோதெரபி ஊசிக்குக் குறித்த தேதியை உபவாசக் கூட்டத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடுகிற நாட்களில் நோயாளி உபவாசம் இருக்கவும் வேண்டாம், வீட்டில் மற்றவர்கள் இருக்கட்டும்.

7. ராத்திரி இரண்டு மணிக்கு

அந்த நேரத்துக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்: போனில் நோயின் பெயரைத் தேடக் கூடாது, எந்த முடிவும் எடுக்கக் கூடாது, ஆண்டவர் இருக்கிறாரா என்ற விசாரணையை அந்த நேரத்தில் நடத்தக் கூடாது. அது பகலுக்கு உரியது. ராத்திரிக்குச் சின்ன ஜெபம் போதும். தண்ணீரில் மூழ்கப் போன பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான் கத்தினார், நீள ஜெபத்துக்கு நேரம் இல்லை.

எலியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட ஆள் அவர். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் தூங்கினார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே இரண்டு வேளையாவது சாப்பிடுங்கள், பகலில் ஒரு மணி நேரமாவது படுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, கை நடுங்குகிறது, வாழ வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று மூடி வைக்காதீர்கள். 14416 டெலிமானஸ், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். நான் ஒரு தடவை 104க்குப் பேசியிருக்கிறேன். அதற்காக ஆண்டவர் என்மேல் கோபப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

8. "ஆண்டவர் இருக்கிறாரா?" என்ற அளவுக்குப் போனால்

எனக்குப் போனது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, என் வீட்டுக்காரர் தலைமுடி தலையணையில் கொத்தாகக் கிடந்த காலையில். இத்தனை வருடம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்ற கேள்வி வந்தது, ஒரு வாரம் போகவில்லை.

முதலில் இதை எழுதுங்கள். நோட்டின் பின்பக்கத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. எழுதிப் பார்த்தால் எல்லாம் ஒரே சந்தேகம் இல்லை என்று தெரியும். அவர் இருக்கிறாரா என்பது ஒன்று. இருந்தால் நல்லவரா என்பது வேறு. நல்லவர் என்றால் எங்களைப் பார்க்கிறாரா என்பது இன்னொன்று. என் உண்மையான சந்தேகம் மூன்றாவதுதான் என்று எழுதிய பிறகுதான் கண்டுகொண்டேன், அதற்கு முதல் கேள்விக்கான புத்தகப் பதில்களை வாசித்துக்கொண்டிருந்தது வீண்.

அப்புறம் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ போங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த உடனே வாசலில் வைத்துக் கேட்காதீர்கள், அப்போது அவருக்கு நூறு பேர். வாரநாளில் சாயங்காலம், அரை மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். "சந்தேகம் பிசாசின் வேலை, கேட்காதே" என்று மூடினால் மனம் உடையாமல் இன்னொருவரிடம் போங்கள். எனக்கு நடந்தது அதுதான், முதலில் கேட்ட ஒருவர் மூடினார், எங்கள் போதகர் ஐயா மத்தேயு 11ஐத் திறந்தார். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே சிறையில் கிடந்துகொண்டு, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். இயேசு அவரைத் திட்டவில்லை. நடப்பதைச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் யோவானைப் புகழ்ந்து பேசினார்.

தோமாவைப் பற்றியும் ஒன்று. திருவிதாங்கோட்டில் இருக்கும் பழைய தேவாலயமான அரப்பள்ளியை அவரே நிறுவினார் என்பது நம் ஊர் பாரம்பரியம், அதனால் அவரை நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரித் தோன்றும். இயேசு உயிர்த்தெழுந்ததை அவர் சந்தேகப்பட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். யோவான் 20ஐ மெதுவாக வாசியுங்கள். நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அவர் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். போய்விடவில்லை. இயேசு வந்தபோது அங்கே இருந்ததால்தான் பார்க்க முடிந்தது. சந்தேகம் தீரும்வரை சபைக்கு வரமாட்டேன் என்று நான் முடிவெடுத்திருந்தேன், இதை வாசித்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

ஜெபிக்க வார்த்தை வேண்டும் என்றால் மாற்கு 9:24: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." நோயாளிப் பிள்ளையின் தகப்பன் அழுதுகொண்டு சொன்னது. பாதி விசுவாசத்தோடு கேட்ட அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது.

9. ஞாயிற்றுக்கிழமை

போங்கள். பக்கவாசலுக்கு அருகில் உட்காருங்கள், அழுகை வந்தால் வெளியே போக வசதி. பாட முடியவில்லையா, மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் நில்லுங்கள். கேள்வி கேட்பவர்களைத் தாங்க முடியாது என்றால் கடைசி ஜெபத்தின்போதே எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

10. பதில் வந்த பிறகு

பதினொராம் நாள் ரிப்போர்ட் வந்தது. நிணநீர்க் கட்டிப் புற்றுநோய். பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி என்று ஆறு மாதம், பன்னிரண்டு ஊசி. மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போய் வந்தோம். இன்றைக்கு அவர் நன்றாக இருக்கிறார், தோட்டத்துக்குப் போகிறார்.

இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தே சொன்னேன், நீங்களும் கவனியுங்கள். "ஜெபித்தோம், அதனால் பிழைத்தார்" என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என்னைவிட அதிகமாக ஜெபித்தவள். எனக்குச் சங்கீதம் 27ஐக் காட்டித் தந்ததே அவள்தான். அவள் கணவர் எட்டாவது ஊசிக்கு வரவில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் எத்தனை வீடுகளில் ஜெபமாலையும் கையுமாகக் கடலைப் பார்த்து நின்றார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை. அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் இல்லை. பவுலும் தன் உடம்பில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்க மூன்று தரம் கேட்டார், முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. நான் சாட்சியில் சொன்னது, பயந்த நாட்களில் ஆண்டவர் எங்களை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும். அந்த அக்காவை ஏன் அப்படி விட்டார் என்ற கேள்வி என் நோட்டின் பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறது, கீழே பதில் எழுதவில்லை. அதையும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை அவளுக்கும் போன் செய்கிறேன்.

பரிசோதனை முடிந்தால் பயமும் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மறுபரிசோதனைக்கு முந்தைய வாரம் அது திரும்ப வரும், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். வந்தால் முதல் படியில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

எங்களுக்கு அடுத்த தேதி வரும் வியாழக்கிழமை. ஃபைலைச் சரிபார்த்துவிட்டேன், நகல் எடுக்க வேண்டியது இரண்டு இருக்கிறது. நேற்று ராத்திரி அவர் சட்டைக் காலரைத் தள்ளிவிட்டுத் தன் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விளக்கை அணைக்காமல் இரண்டு பேரும் உட்கார்ந்து 56ஐ வாசித்தோம். நோட்டில் இன்றைய பக்கத்தில் முதல் வரியை எழுதிவிட்டேன். மூன்றாவது வரி சாயங்காலம்.